மலைநாட்டில் வேன் முகாம்: மலிவான கரண்ட் சாமானும் கருவிகளும் தேடிப் பிடிக்கும் வழி

ஹட்டன் டவுனில் ஒரு கடையின் கண்ணாடி அலுமாரிக்குள் 'கேம்பிங் லைட்' என்று அட்டை ஒட்டிய விளக்கு ஒன்றைப் பார்த்தேன். விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். நாலு கடை தள்ளி வாகன உதிரிப்பாகக் கடையில், லொறி கேபினுக்குள் போடும் லைட் என்று அதே மாதிரி ஒன்று பாதி விலைக்கும் குறைவாகத் தூசி பிடித்துத் தொங்கியது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த நாலு கடை தூரத்தைப் பற்றியதுதான். நம் பக்கத்தில் கேரவன் கடை என்று ஒன்று கிடையாது. மரக்கறித் தோட்டக்காரர், லொறிக்காரர், வள்ளம் வைத்திருப்பவர், கரண்ட் கட்டுக்குப் பயந்தவர் என்று பலரும் நமக்கு வேண்டிய சாமானையே வேறு பெயரில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் இடத்தில் நாமும் வாங்கினால் காசு மிஞ்சும்.

எங்களிடம் இருப்பது பழைய டொல்பின் வேன். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டிருக்கிறோம். நானும் மச்சானும் இரண்டு பிள்ளைகளுமாக காசல்ரீ நீர்த்தேக்கக் கரை, அப்புத்தளைப் பக்கம், ரிவஸ்டன் என்று போய் வருகிறோம். கூடாரம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் படி: ஒரு இரவு எவ்வளவு தின்னும்?

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டுக் காகிதம் போதும். ஒவ்வொரு சாமானின் வாட் எண்ணிக்கையை அது எரியும் மணி நேரத்தால் பெருக்குங்கள். எங்கள் கணக்கு இது: 5 வாட் எல்.ஈ.டி. பல்ப் இரண்டு, 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. நாலு போன், ஒன்றுக்கு 15 வீதம் 60. தண்ணீர் இறைக்கும் சின்ன 12 வோல்ட் பம்ப் கால் மணி நேரம் ஓடினால் 9. லெப்டொப் ஒரு தடவை சார்ஜ் ஏற 60. மொத்தம் ஏறத்தாழ 180 வாட்-மணி. அதை 12ஆல் வகுத்தால் 15 அம்பியர்-மணி, பேட்டரியின் மேல் எழுதுவது இந்த அளவில்தான். இரண்டு இரவுக்கு 30.

இதில் மலைநாட்டுக்காரருக்கு ஒரு சலுகை உண்டு. 12 வோல்ட் ஃப்ரிஜ் ஒன்று ஒரு நாளைக்கு 300 வாட்-மணி வரை தின்னும், எங்கள் கணக்கில் உள்ள மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசிக் காலையில் புல்லில் உறைபனி விழும் ஊர். மீன் கறியை இரவு வேனுக்கு வெளியே மூடி வைத்தால் காலைவரை கெடாது, நாயும் கீரிப்பிள்ளையும் விட்டால். ஃப்ரிஜ், மின்விசிறி இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பாதிக் காசு அங்கேயே மிச்சம்.

தேத்தண்ணி விஷயத்திலும் இதே கதைதான். கெட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆனாலும் 15 பாகையில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீரை அந்த அளவுக்குச் சூடாக்க 92 வாட்-மணி வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கும் இன்வெர்ட்டர் பெட்டி தின்னும் பங்கையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 9 அம்பியர்-மணி போய்விடும். ஒரு கேத்தல் பிளேன்டீக்கு, ஒரு இரவுக்கான கரண்டில் பாதிக்கும் மேல். 2.3 கிலோ கேஸ் சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் இந்த வேலையைப் பேச்சில்லாமல் செய்யும்.

இரண்டாம் படி: கடைக்குக் கொண்டு போகும் பை

என் பையில் நாலு சாமான் இருக்கும்: ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர், வயர் பற்றவைத்த 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்று, அளவு நாடா, மரக்கறி நிறுக்கும் கொக்கித் தராசு. மீட்டரைப் புதிதாகவே வாங்குங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் கண்டியிலும் இலத்திரனியல் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிற மலிவான மஞ்சள் மீட்டரே போதும், நமக்கு வேண்டியது 12 வோல்ட் பார்ப்பதுதான். ஆனால் 230 வோல்ட் பிளக் பொயின்டுக்குள் அந்த மலிவு மீட்டரின் ஊசியைக் குத்தாதீர்கள். அதற்குத் தரமான மீட்டர் வேண்டும்.

பல்ப் கிடைப்பது லேசு. பல ஹெட்லைட் பல்புகளில் டிம், பிரைட் என்று இரண்டு இழை இருக்கும். ஒன்று போனதும் கராஜில் கழற்றி எறிந்துவிடுவார்கள். மற்ற இழை நன்றாக எரியும். எந்தக் கராஜ் பாஸிடமும் சிரித்துக் கேட்டால் சும்மா கொடுப்பார்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

முதல் இடம், வாகனம் உடைத்து விற்கும் யாட். காரில் உள்ளது எல்லாமே 12 வோல்ட். காரே ஒரு முகாம்தான், சக்கரம் பூட்டியது. கழற்றி விற்கும் ஜப்பான் வாகனங்களிலிருந்து இவற்றைக் கேளுங்கள்: மூடியோடு கூடிய ஃபியூஸ் பெட்டி, 40 அம்பியர் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), சிகரட் லைட்டர் சொக்கெட், கதவு திறந்தால் எரியும் உட்புற லைட், வைப்பருக்குத் தண்ணீர் பீச்சும் குட்டி பம்ப், நல்ல செப்பு வயர்க் கட்டு. கொழும்பில் பஞ்சிகாவத்தை இதற்குப் பேர்போன இடம். எதையாவது காரணம் வைத்து கொழும்புக்குப் போகும் நாளில் அரை நாளை அங்கே ஒதுக்குங்கள். நம் டவுன்களிலும் சின்ன யாட்கள் இருக்கின்றன. விலை பேச அங்கேதான் எனக்கு வசதி, ஏனென்றால் பொருள் பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் திரும்பிப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை: பெரிய லொறி, பஸ்களில் உள்ளது பெரும்பாலும் 24 வோல்ட். அந்த பல்பை உங்கள் 12 வோல்ட்டில் மாட்டினால் மின்மினிப் பூச்சி மாதிரி எரியும். ரிலேயோ பிடிக்காது. ஒவ்வொன்றின் முதுகையும் திருப்பி எண்ணைப் படியுங்கள்.

இரண்டாவது இடம், 2022இன் மிச்சம். அந்த வருடம் மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். அந்த மாதங்களில் காசு உள்ள வீடெல்லாம் இன்வெர்ட்டர், ரீசார்ஜ் பல்ப், சின்ன ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார்கள். இப்போது அவை அலுமாரிக்கு மேலே தூங்குகின்றன. இக்மன் இணையத்தளத்திலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் 'பாவித்தது குறைவு' என்று வருபவற்றில் கணிசமானவை இந்தப் பரம்பரை. (2025 பெப்ரவரியில் பாணந்துறை துணை மின்நிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்து நாடே இருண்ட அன்று, சிலர் அவற்றைத் தூசி தட்டியிருப்பார்கள். மறுநாளே மீண்டும் அலுமாரிக்கு மேலே.) இன்வெர்ட்டர் பெட்டியை நம்பி வாங்கலாம். கூட வரும் பேட்டரியை மட்டும் நம்பாதீர்கள். மூடிய வகை ஈய பேட்டரியின் ஆயுளே மூன்று முதல் ஐந்து வருடம்தான், பாவிக்காமல் கிடந்தால் இன்னும் குறையும். "பேட்டரி எனக்கு வேண்டாம், அதைக் கழித்து விலை சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு நல்ல பக்கம் திரும்பும்.

மூன்றாவது, பழைய இரும்புக்காரர். தோட்டத்து வழியே லொறியில் வந்து பழைய பேட்டரி, இரும்பு, செம்பு வாங்கிப் போகிறாரே, அவரேதான். அவர் நிறைக்கு வாங்குகிறவர். அவரிடம் உள்ள பொருள் வேலை செய்கிறதா என்பது அவருக்கு முக்கியமில்லை. அலுமினியச் சட்டம், இரும்புப் பெட்டி, பழைய துளைக்கருவி உடல் என்று எனக்கு நல்லவை அங்கே அகப்பட்டிருக்கின்றன. பேட்டரி மட்டும் அவரிடம் வாங்காதீர்கள். யாரோ செத்துப்போனது என்று முடிவு கட்டிக் கொடுத்ததுதான் அது.

சந்தைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பண்டாரவளை ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் டோர்ச், தலையில் கட்டும் லைட், கயிறு, தார்ப்பாய் மலிவு. நுவரெலியா பேல் பஜாரில் நல்ல ஜெக்கட் கிடைக்கும். உடம்பு சூடாக இருந்தால் கரண்டில் ஓடும் கம்பளி தேவையில்லை, ஆகவே அதையும் மின்சாமான் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். சிவனொளிபாதமலை சீசன் மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. முடியும் வாரத்தில் நல்லதண்ணிப் பக்கம் டோர்ச் விற்பவர்களிடம் விலை இறக்கிக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக அவர்களுக்கும் ஆசை இருக்காது.

நாலாம் படி: பேட்டரி, இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்

நானும் ஏமாந்தேன். டவுன் கடை ஒன்றில் பாவித்த 70 அம்பியர்-மணி பேட்டரி. மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.9 காட்டியது. "புதுசு மாதிரி தம்பி" என்றார் கடைக்காரர். காசல்ரீ கரையில் முதல் இரவு எட்டரை மணிக்கு லைட் மங்கியது. ஒன்பதுக்குப் பிள்ளைகள் போன் வெளிச்சத்தில் சோறு சாப்பிட்டார்கள். மச்சான் இன்றுவரை அந்த பேட்டரியைப் பற்றிப் பேசுகிறார்.

நடந்தது என்ன என்றால், அப்போதுதான் சார்ஜரிலிருந்து கழற்றிய பேட்டரி எதுவுமே நல்ல வோல்ட் காட்டும். மேலே நுரை மாதிரி ஒரு சார்ஜ், அடியில் ஒன்றும் இருக்காது. அதற்குத்தான் ஹெட்லைட் பல்ப். இப்படிச் செய்யுங்கள்: பல்பைப் பேட்டரியில் கொடுத்து இரண்டு நிமிடம் எரிய விடுங்கள், நுரை அடங்கும். பிறகு பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரைப் பாருங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 55 வாட் பல்ப் எடுப்பது நாலரை அம்பியர் சொச்சம். 60, 70 அம்பியர்-மணி என்று எழுதிய, நிறைய சார்ஜ் உள்ள பேட்டரிக்கு அது கொசுக்கடி. பத்து நிமிடத்துக்குள் 12க்குக் கீழே இறங்குமானால் அந்தக் கடையை விட்டு நடையைக் கட்டுங்கள்.

சோதிக்க விடுகிறாரா என்பதே பாதிச் சோதனை. "முதலாளி, ஒரு பத்து நிமிஷம் பல்ப் எரிய விட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். "பாருங்க, அதுக்கென்ன" என்கிறவரிடம் பேரம் பேசலாம். "நம்பிக்கை இல்லாட்டி வேற கடையைப் பாருங்க" என்கிறவர் சொல்வது நல்ல ஆலோசனை, அப்படியே செய்யுங்கள்.

பல்பையெல்லாம் அணைத்து, ஓய்வாக சில மணி நேரம் இருந்த ஈய பேட்டரிக்கு இந்த எண்களை மனதில் வைத்திருங்கள்: 12.7 என்றால் நிறைந்தது, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஈய பேட்டரி சீக்கிரம் சாகும். ஆகவே இரண்டு இரவுக்கு 30 அம்பியர்-மணி வேண்டும் என்றால் 60 உள்ள பேட்டரி தேவை. குளிருக்கும் கொஞ்சம் விட்டுவையுங்கள். பெட்டியில் எழுதிய அளவு 25 பாகைக்கு உரியது. பத்துப் பாகை இரவில் பத்தில் ஒரு பங்கு காணாமல் போகும்.

எந்த வகை? எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும் சாதாரண கார் பேட்டரி ஒரு நொடி பலமாகத் தள்ளப் பிறந்தது, இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க அல்ல. கையில் சும்மா இருந்தால் பாவியுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள். ஆழமாக இறக்கிப் பாவிக்கும் 'டீப் சைக்கிள்' வகை ஈயத்தில் நல்லது. லித்தியம் இரும்பு பொஸ்பேட் பேட்டரி விலை கூட. ஆனால் எழுதியதில் எண்பது வீதத்துக்கு மேல் பாவிக்கலாம், நிறையும் பாதிக்கும் குறைவு. மூன்று நாலு வருடக் கணக்குப் போட்டால் அதுதான் மலிவு என்பது என் எண்ணம். உறைபனி விழும் காலையில் மட்டும், பூச்சியப் பாகைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. வேனுக்குள் மெத்தைக்கு அடியில் வைத்தால் அந்தப் பயம் இல்லை.

கொக்கித் தராசு இங்கே வேலைக்கு வரும். 100 அம்பியர்-மணி ஈய பேட்டரி 25 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஈயத்தைப் போடாமல் அம்பியரை உண்டாக்க முடியாது. அதே 100 என்று எழுதிய லித்தியம் பேட்டரி 10 முதல் 13 கிலோ. 6 கிலோவில் ஒருவர் நீட்டினால் உள்ளே காற்றும் அட்டையும்தான். பவர் பேங்குக்கும் இதே வழி. உள்ளே இருக்கும் 18650 வகை உருளை செல் ஒன்று 45 கிராம் அளவு. அந்த அளவில் நல்ல செல்லே ஏறத்தாழ 3,500 மில்லி அம்பியர்-மணிதான். ஆகவே 30,000 என்று எழுதியதில் ஒன்பது செல்லாவது வேண்டும். செல் மட்டுமே 400 கிராம். கையில் பொரித்த அப்பளம் மாதிரி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். '9,900' என்று எழுதிய டோர்ச் செல் எல்லாமே பொய்.

வேன் ஓடும்போது இரண்டாவது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற, யாட்டில் வாங்கிய 40 அம்பியர் ரிலே ஒன்று போதும். அதன் கால்களில் எண் இருக்கும். 30 எஞ்சின் பேட்டரிக்கு, 87 இரண்டாவது பேட்டரிக்கு, 85 வேனின் இரும்பு பொடியில் பூமிக்கு, 86 எஞ்சின் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும் வயருக்கு. எஞ்சின் நின்றதும் தொடர்பு அறும், காலையில் வேனைத் தள்ள ஆள் தேட வேண்டியதில்லை. இரண்டு பேட்டரியின் கூட்டல் முனையிலும் 30 அம்பியர் ஃபியூஸ் ஒவ்வொன்று போடுங்கள். இது ஈய பேட்டரிக்கு மட்டும். லித்தியத்துக்கு இப்படி நேரே கொடுத்தால் அளவு மீறி இழுக்கும். அதற்கென்று வரும் சார்ஜர் வேண்டும். ஹைபிரிட் காரின் பெரிய பேட்டரிப் பக்கம் கையே வைக்காதீர்கள், அதில் ஓடுவது 200 வோல்ட் அளவு.

ஐந்தாம் படி: சோலார், அளவு நாடாவோடு

முழு வெயிலில் ஒரு சதுர மீற்றரில் விழுவது ஏறத்தாழ 1,000 வாட். நல்ல தகடு அதில் ஐந்தில் ஒன்றைக் கரண்டாக்கும். ஆகவே 100 வாட் தகடு அரைச் சதுர மீற்றராவது இருக்க வேண்டும். பாடசாலைச் சிலேட்டு அளவில் 100 வாட் என்று விற்பதை நாடாவைக் காட்டியே மறுக்கலாம்.

பாவித்த தகடு என்றால் வெயில் உள்ள நடுப்பகலில் போய்ப் பாருங்கள். 12 வோல்ட் அமைப்புக்கான தகடு சும்மா இருக்கையில் மீட்டரில் 20க்கு மேல் காட்டும். பிறகு மீட்டரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி இரண்டு வயரையும் நேரே தொடுங்கள். தகட்டுக்கு அதனால் கெடுதி இல்லை. 100 வாட் தகடு முழு வெயிலில் ஐந்து, ஐந்தரை அம்பியர் காட்ட வேண்டும். மூன்று காட்டினால் விலையையும் அதே கணக்கில் இறக்கச் சொல்லுங்கள். கண்ணாடி வெடிப்பு, ஓரத்தில் ஈரம் ஏறிய பழுப்புக்கறை இருந்தால் வேண்டாம்.

மலைநாட்டில் எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் சோலார். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நோர்வுட், நுவரெலியாப் பக்கத்தை மூடிவிடும். அந்த மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், பண்டாரவளையும் பதுளையும் வெளித்துக் கிடக்கும். மார்கழி, தை வந்தால் ஊவாவுக்கு மழை. மூடுபனியில் அதே தகடு ஒரு அம்பியர் தருவதே பெரிய காரியம். ஜூலையில் மஸ்கெலியாவுக்குப் போகிறவர் சோலார் காசை பேட்டரியில் போடட்டும்.

ஆறாம் படி: கருவிகள்

பாவித்த ஜப்பான் கருவி நம் நாட்டில் கிடைக்கிற பெரிய மலிவு, பெரிய பொறியும் அதுவே. கொள்கலனில் வந்திறங்கும் துளைக்கருவி, கிரைண்டர், ரைஸ் குக்கர் எல்லாம் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் சுவரில் வருவது 230. தட்டையான இரண்டு கால் பிளக்கை அடப்டரில் குத்தி சுவிட்சைப் போட்டால் ஒரு உறுமல், ஒரு புகை, அவ்வளவுதான். வோல்ட் குறைக்கும் டிரான்ஸ்போமர் வாங்கலாம், ஆனால் அதன் விலையையும் நிறையையும் சேர்த்தால் மலிவு எங்கே போனது? இங்கிலாந்துக் கட்டட வேலைத்தளங்களிலிருந்து வரும் மஞ்சள் பிளக் கருவியும் அப்படித்தான், அது 110 வோல்ட். முகாம்காரருக்கு இதில் உண்மையான லாபம் பேட்டரியில் ஓடும் கருவிகளே. 12 வோல்ட் பழைய துளைக்கருவியின் பேட்டரி செத்திருக்கும், உடலும் மோட்டரும் திடமாக இருக்கும். கடையில் விலை விழுந்துவிடும். அதற்கு நீங்கள் வயர் பூட்டி, ஃபியூஸ் வைத்து, வேன் பேட்டரியிலிருந்தே ஓட்டலாம். என் அப்பா தோட்டத்து பெக்டரியில் ஃபிட்டர். இந்த யோசனை அவருடையது. பத்து வருடமாக அவர் வைத்திருக்கும் துளைக்கருவிக்கு சொந்தமாக ஒரு பேட்டரி இருந்ததே இல்லை.

வாங்கும்போது துளை ஊசியைப் பிடிக்கும் 'சக்'கைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கூடாது. ஓடவிட்டு மூக்கை வைத்துப் பாருங்கள், கருகல் வாடை வரக்கூடாது. மழைத் தண்ணீரில், சேற்றில் மூழ்கிய சாமானும் சந்தைக்கு வரும். ஆணித் துளைக்குள், காற்றுப் போகும் துவாரத்துக்குள் காய்ந்த செம்மண் இருந்தால் எடுக்காதீர்கள்.

புதிதாக வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: வயர் தோல் உரிக்கும் கட்டர், முனை நசுக்கும் குறடு, ஒரு டெஸ்டர்.

சின்னப் பெற்றோல் ஜெனரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே ஏற ஏற காற்று மெலிவதால் 300 மீற்றருக்கு மூன்றரை வீதம் அளவில் பலம் குறையும். நுவரெலியாவில் 1,000 வாட் என்று எழுதியது 800 தந்தால் நல்லது. வருடக்கணக்கில் ஓடாததென்றால் கார்பரேட்டரில் பழைய பெற்றோல் பசையாகியிருக்கும், கழுவும் கூலியைக் கழித்துக் கேளுங்கள். இரவில் பக்கத்துக் கூடாரக்காரர் திட்டுவார். குளிருக்குப் பயந்து அதையோ கரிச்சட்டியையோ வேனுக்குள், கூடாரத்துக்குள் வைத்துவிட்டுத் தூங்கினால் திட்ட ஆளே தேவையில்லை. கார்பன் மொனொக்சைட்டுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

ஏழாம் படி: கஞ்சத்தனம் கூடாத மூன்று இடங்கள்

ஃபியூஸ், வயர், கரண்ட் கசிந்தால் தானே அறும் ட்ரிப் சுவிட்ச். இவற்றைப் புதிதாக, நல்ல ஹார்ட்வெயார் கடையில், பில்லோடு வாங்குங்கள். யாட் ஃபியூஸ் பெட்டி சரி, உள்ளே போடும் ஃபியூஸ் புதிது. 12 வோல்ட் ஷொக் அடிக்காது என்று அலட்சியம் வரும். ஆனால் பேட்டரியின் இரண்டு முனையும் ஒரு ஸ்பெனரால் தொட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும், ஸ்பெனர் சிவக்கும். வயர் வேனின் கூர் விளிம்பில் உரசித் தோல் போனால் அதேதான், மெத்தைக்கு அடியில். பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் முதல் ஃபியூஸ் இருக்கட்டும்.

வயர் கனத்தை ஊகிக்காதீர்கள். 10 அம்பியர் எடுக்கும் சாமான் 5 மீற்றர் தள்ளி இருந்தால், போக வர 10 மீற்றர் வயர். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 0.7 வோல்ட் வழியிலேயே கரையும், 1.5 வயரில் 1.2 வோல்ட் அளவு. 12இல் ஒன்று போனால் பம்ப் முனகும். மலிவு வயரில் இன்னொரு கள்ளம்: வெளியே செப்பு நிறம், உள்ளே அலுமினியம். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டுங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இழையை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை வேனில் விட்டுவிடுங்கள். மலைப்பாதை அதிர்வில் ஹட்டனில் சுற்றிய டேப் கினிகத்தேனைக்குப் போகுமுன் அவிழ்ந்திருக்கும்.

யாராவது ஒரு வீட்டில், பங்களாவில் கேட்டு 230 வோல்ட் எடுப்பதானால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் வேண்டும். சுருள் டிரம்மில் வயரை முழுக்க அவிழ்த்த பிறகு பாவியுங்கள், சுற்றியபடி விட்டால் உள்ளே சூடேறி உருகும். புல்லில் கிடக்கும் இணைப்புக்கு மழை புகாத மூடி, ஐ.பி. 44 என்று எழுதியதாவது வேண்டும். லயத்து வயரில் கொக்கி போடும் வேலை வேண்டவே வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழக்கம் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

எட்டாம் படி: விலையும் பில்லும்

பாவித்த மின்சாமானுக்குப் புதியதின் பாதிக்கு மேல் நான் கொடுப்பதில்லை. பேட்டரிக்கு மூன்றில் ஒன்று. இது சட்டமல்ல, என் பழக்கம். குறையைக் கண்டால் சத்தமாகச் சொல்லாமல் மீட்டரைக் கடைக்காரர் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, "அண்ணே, இதுக்கு என்ன செய்வம்?" என்று கேளுங்கள். எண்ணை மறுக்க யாராலும் முடியாது, அவர் முகமும் வாடாது. கடைசி விலை கேட்கும்போது காசைக் கையில் எடுத்திருங்கள். புதிய பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொண்டு போங்கள், ஈயத்துக்கான விலையைக் கழித்துக்கொள்வார்கள்.

புதிய சாமானுக்கு பில்லும், கடை சீல் அடித்துத் திகதி போட்ட வொரண்டி அட்டையும் கட்டாயம். கடைக்காரர் பின்னால் கையை விரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம், பில் இருந்தால்தான் பேச்சு ஏறும். இணையத்தில் பார்த்த பாவித்த சாமானுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். நேரே போய், வெளிச்சத்தில், பல்பை எரித்துப் பார்த்து, அங்கேயே காசு.

கடைசிப் படி: வீட்டு முற்றத்தில் ஒரு இரவு

எல்லாம் பூட்டியதும் மலைக்கு ஓடாதீர்கள். வேனை வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு சனிக்கிழமை இரவு அதற்குள் படுங்கள். மாலை ஆறு மணிக்கு மீட்டரைப் பார்த்துக் குறியுங்கள். காகிதத்தில் எழுதிய அதே கணக்குப்படி லைட் எரியுங்கள், போன் போடுங்கள், பம்ப் ஓட்டுங்கள். பத்து மணிக்கு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அங்கே முனை சரியாக நசுங்கவில்லை. காலையில் எழுந்ததும், எதையும் போடுமுன், மறுபடி மீட்டர்.

60 அம்பியர்-மணி ஈய பேட்டரி அந்த இரவில் கால் பங்கு கொடுத்திருக்க வேண்டும். 12.4 காட்டினால் கணக்கு சரி, அடுத்த வாரம் புறப்படலாம். 12.1 என்றால் பேட்டரியைத் திட்டுமுன் இன்வெர்ட்டரைப் பாருங்கள். பெரிய இன்வெர்ட்டரை அணைக்க மறந்தால், ஒன்றும் ஓட்டாமலே இரவு முழுக்க ஒரு அம்பியர் வரை குடித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அது இரண்டு தடவை நடந்தது. இப்போது அந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் மகள் சிவப்புப் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'அப்பா, ஆஃப்'.